பூ. மணிமொழி, பொ. மணிமொழி

2025 ஜனவரி 8, புதன்.

நேற்று ஒரு தவறு செய்துவிட்டேன். குரும்பலூர் கலைமணி வீட்டுச் சண்டையை மதுரைவீரன் அண்ணன் சொன்னபோது சிரித்துவிட்டு, டைரியில் எழுதாமல் விட்டேன். வழக்குக்குச் சம்பந்தமில்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். சம்பந்தம் உண்டா இல்லையா என்பது எழுதிய பிறகு பார்க்க வேண்டிய விஷயம். இப்போது எழுதுகிறேன். கலைமணி உழவர் கம்பெனியின் 'விதைத்தடம்' தளத்தில் தன் பெயரைத் தட்டிப் பார்த்திருக்கிறார். அவர் பங்குக்கு வாரிசு என்ற இடத்தில் பிரவீணா என்று வந்திருக்கிறது. பிரவீணா என்பது பக்கத்து ஊர் வீரமணியின் மனைவி. கலைமணி வீட்டில் இரண்டு நாளாக அடுப்பு எரியவில்லை.

கீழே பைக் ஹாரன் கேட்டது. சத்யப்பிரியா டைரியை மூடினாள்.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடை மாடியில் ஓர் அறை. வாசலில் 'சத்யா துப்பறியும் நிலையம்' என்று ஒரு பலகை. கொலை, கொள்ளை என்று யாரும் அந்தப் படியேறியது கிடையாது. மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு முன்பே நிச்சயமாகி நின்றுபோயிருக்கிறதா என்று கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம். இந்தக் காலத்தில் பாதிப் பொய் கம்ப்யூட்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது என்பதால், ஆறு மாதமாகச் சத்யப்பிரியா மாலை வகுப்பில் ஜாவா படித்துவந்தாள். வகுப்பில் எல்லோரும் எழுதி முடித்த பிறகும் தான் எழுதியது சரிதானா என்று பார்த்துக்கொண்டிருப்பவள் அவள் ஒருத்திதான்.

"டைரி முடிஞ்சுதா மேடம்? இல்ல இன்னும் நாலு பக்கத்துக்கு மனசாட்சி பாக்கி இருக்கா?" என்றான் மதுரைவீரன். பதினைந்து வருஷம் டவுன் பஸ் கண்டக்டராக இருந்துவிட்டு அவளிடம் உதவியாளாகச் சேர்ந்தவன். சில்லறை இல்லை என்று சொல்லிப் பழகிய வாய்க்கு இப்போது எதையும் சும்மா விடத் தெரியாது.

"கலைமணி விஷயத்த எழுதிட்டேன்ணே."

"நல்லது. அந்த மனுசன் சோத்துக்கு வழிய காணோம், நம்ம டைரியிலயாவது எடம் கெடச்சுதே."

வாலிகண்டபுரம் மெயின் ரோட்டில் அந்த விதைக்கடை பாதி ஷட்டர் இறங்கிய நிலையில் இருந்தது. ஷட்டர் கைப்பிடியில் காய்ந்த மக்காச்சோளத் தட்டை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஆள் உயரத் தட்டை. அதில் கதிர், அந்தப் பக்கத்தார் சொல்கிற கருது, ஒன்றுகூட இல்லை.

உள்ளே மணிமொழி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். மேசையைத் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தாள். வேறு வேலை இல்லை என்பது அந்தப் பளபளப்பிலேயே தெரிந்தது.

"அந்தத் தட்டைய அவுத்துப் போட்டுடலாமே" என்றாள் சத்யப்பிரியா.

"அவுத்தா, குத்தம் செஞ்சவ அவுத்துட்டான்னு சொல்லுவாங்க மேடம். கெடக்கட்டும்."

விஷயம் இதுதான். கல்லாங்காடு உழவர் கம்பெனி என்று அரியலூரில் ஒன்று இருக்கிறது. இரண்டு மாவட்டத்து விவசாயிகளும் அதில் பங்குதாரர்கள். அதன் ஏஜெண்டுகள் விற்ற மக்காச்சோள விதையில் ஒரு சரக்கு போலி. பயிர் பச்சைப் பசேலென்று வளர்ந்தது, கருது மட்டும் பிடிக்கவில்லை. கம்பெனி புதிதாகத் திறந்த 'விதைத்தடம்' தளத்தில் போய், அந்தச் சரக்கை விற்றது யார் என்று கேட்டால், பொ. மணிமொழி, வாலிகண்டபுரம் என்று பளிச்சென்று விடை வருகிறது. நாளை காலை அரியலூரில் கூட்டம். மணிமொழியின் ஏஜென்சியை ரத்து செய்து, பெயரை அறிவிப்புப் பலகையில் போடப்போகிறார்கள்.

"எங்க தெருவுலேந்து மெயின் ரோட்டுக்கு வந்த மொத கடை இது" என்றாள் மணிமொழி. "எங்க மாமனாரு இந்த ரோட்டு மேல செருப்ப கையில தூக்கிட்டுப் போன ஆளு. அவரு மருமவ இங்க நாக்காலி போட்டு ஒக்காந்துருக்கேன். நாளைக்கு இத மூடுனா மறுபடி தொறக்க முடியாது மேடம்."

"கேக்குறதுக்கு மன்னிச்சுக்குங்க. அந்த வெதைய நீங்க வித்தீங்களா?"

"இந்தக் கடையில அந்த வெத ஒரு படி வித்துருந்தா என் கை அழுகட்டும். அந்த மூட்டை இந்த வாசப்படிய தாண்டல."

சத்யப்பிரியா அந்த வாக்கியத்தை அப்படியே எழுதிக்கொண்டாள். வெளியே வந்தபோது, ரோட்டில் போன ஒரு பெரியவர் கடைப்பக்கம் பார்த்துக் காறித் துப்பிவிட்டுப் போனார். மணிமொழி அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அரியலூர் சாலையில் சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் தூசி குடித்துக்கொண்டே போனார்கள்.

"யாரு மேல சந்தேகம் மேடம்?"

"அந்தத் தளத்த செஞ்ச பையன் மேல. அருள்முருகன்னு பேரு. விடைய மாத்தி எழுத முடியிற ஒரே ஆளு அவன்தான்."

"அவனுக்கும் அந்தம்மாவுக்கும் என்ன பகை?"

"தெரியல. அதான் போறோம்."

"எனக்கு ஒரு கண்டக்டர தெரியும். ஒரு பொம்பள சிரிக்கலன்னு அவ எறங்குற ஸ்டாப்ப ரெண்டு மாசம் தாண்டி நிறுத்துனான். பகைக்கு இவ்வளவு போதும்."

அருள்முருகன் கம்பெனி ஆபீசுக்குப் பின்னால் உரமூட்டை அடுக்கிய அறையில் இருந்தான். இருபத்து நான்கு வயதுக்கு மேல் இருக்காது. மேசைமேல் அரசாங்கம் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச லேப்டாப், மூலை உடைந்து டேப் ஒட்டியிருந்தது. இவர்கள் யார் என்று தெரிந்ததும் எழுந்து நின்றான். ஓடவேண்டும் என்று தோன்றினாலும் மரியாதைக்கு நிற்கிறவனைப் போல இருந்தது அது.

"நான் யாரையும் மாட்டிவிடலைங்க. சத்தியமா சொல்றேன்."

"நாங்க அப்படிச் சொல்லவே இல்லையே தம்பி" என்றான் மதுரைவீரன். "நீ பாட்டுக்கு விடைய முன்னாடி சொல்லிட்டு கேள்விக்கு காத்திருக்க."

"முதல்ல இந்தத் தளம் எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லுங்க" என்றாள் சத்யப்பிரியா.

அதைக் கேட்டதும் அவன் முகம் தெளிந்தது. சாதாரணத் தளத்தில் தகவல் அட்டவணையில் கிடக்கும் என்றான். இது செமாண்டிக் வெப். ஒவ்வொரு செய்தியையும் மூன்று துண்டாக வைக்க வேண்டும். இன்னார், விற்றார், இந்தச் சரக்கை. இந்தச் சரக்கு, விழுந்தது, இந்தப் புன்செய்க் கொல்லையில். இந்தக் கொல்லையில், பிடிக்கவில்லை, கருது. துண்டுகளைச் சேர்த்துவிட்டால் அவை ஒன்றையொன்று கோத்துக்கொண்டு தாமே விடை சொல்லும்.

"இத எங்கூரு டீக்கடை கரண்ட் இல்லாமலே பண்ணுது" என்றான் மதுரைவீரன். "இவன் வண்டி அவ வூட்டு வாசல்ல, அவ புருசன் திருப்பூர்ல. மூணாவது துண்ட அதுங்களே சேத்துக்கும்."

அருள்முருகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆமாண்ணே, அதேதான். ஆனா ஒரு ஆளுன்னா அவருக்கு ஒரே முகவரி இருக்கணும். முகவரி ஒண்ணா இருந்தா, ஆளும் ஒண்ணுன்னு எடுத்துக்கும். நான் இனிஷியலையும் பேரையும் சேத்து முகவரி பண்ணேன்."

"எங்க, உங்க லேப்டாப்புல கேளுங்க. அந்தப் போலிச் சரக்க வித்தது யாரு?"

அவன் தட்டினான். திரையில் வந்தது: பூ. மணிமொழி, விக்கிரமங்கலம். த/க (தந்தை/கணவர்) பெயர்: பூவரசன்.

சத்யப்பிரியா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "இப்ப கிளவுட்ல கேளுங்க."

கிளவுட் என்பது, எங்கோ இருக்கிற பெரிய கம்ப்யூட்டரில் வாடகைக்குப் பிடித்த இடம். அரியலூர் கரண்ட்டை நம்பி எதையும் வைக்க முடியாது என்று போன மாதம்தான் தளத்தை அதில் ஏற்றியிருந்தார்கள். அதே கேள்விக்கு அங்கே வந்த விடை: பொ. மணிமொழி, வாலிகண்டபுரம். த/க பெயர்: பொன்னுரங்கம்.

"ஒரே புரோகிராம். ஒரே தகவல்" என்றான் அருள்முருகன். "இங்க ரெண்டு ஆளா இருக்காங்க. அங்க ஏத்துனா ஒட்டிக்கிறாங்க. ரெண்டு பேர் ஒட்டிக்கிட்டா கடைசியா பதிஞ்ச பேரதான் தெரையில காட்டும். நான் ஒட்டலைங்க. எப்படி ஒட்டுதுன்னு ஒரு வாரமா பாக்குறேன். தெரியல."

"தலைவர்ட்ட சொன்னீங்களா?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். காரணம் தெரிஞ்சிட்டு சொல்லலாம்னு..."

சத்யப்பிரியா டைரியைப் பிரித்தாள். காலையில் எழுதிய வரிகளைப் படித்தாள். கலைமணியும் வீரமணியும் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். பூ. மணிமொழியும் பொ. மணிமொழியும் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். மணிமொழிகளுக்காவது பெயர் ஒன்று. கலைமணிக்கும் வீரமணிக்கும் என்ன ஒற்றுமை?

"கடைசியில மணி இருக்கு" என்றான் மதுரைவீரன். "பஸ்ஸுலயும் கடைசியிலதான் மணி இருக்கும்."

"அப்படின்னா எல்லா மணியும்ல ஒட்டியிருக்கணும். அருள், கிளவுட்ல இவங்களோட முகவரி உள்ளுக்குள்ள எப்படிப் பதிஞ்சிருக்குன்னு காட்ட முடியுமா? தெரையில வர்ற பேர் வேணாம். உள்ள இருக்கறது."

அவன் எதையோ திறந்தான். திரை முழுக்கக் கேள்விக்குறிகள் வரிசை வரிசையாக நின்றன. ஓர் எழுத்துகூட இல்லை.

"இது என்னய்யா" என்றான் மதுரைவீரன். "ஊரு சனம் பூரா சேந்து உன்னய கேள்வி கேக்குது."

சத்யப்பிரியா கேள்விக்குறிகளை விரலால் எண்ணினாள். ஒரு தாளை எடுத்து மெதுவாக எழுதிப் பார்த்தாள். கணினிக்கு எழுத்து வேறு, அதில் ஏறும் கொம்பு, விலங்கு (ை, ி) போன்ற குறிகள் வேறு. க, ல, அதற்கு ஒரு கொம்பு, ம, ண, அதற்கு ஒரு விலங்கு. கலைமணி ஆறு. வ, அதற்கொரு விலங்கு, ர, ம, ண, இன்னொரு விலங்கு. வீரமணி ஆறு. பூ என்றால் ப-வும் ஒரு குறியும். பொ என்றால் ப-வும் ஒரு குறியும். கொம்பும் காலும் இரண்டு பக்கம் நின்றாலும் கணினிக்கு அது ஒரே குறி.

"அந்த வாடகை கம்ப்யூட்டருக்கு தமிழ் தெரியல" என்றாள். "உங்க லேப்டாப்புக்குத் தெரியும். அங்க இருக்கறதுக்கு, தமிழும் படின்னு யாரும் சொல்லல. தெரியாத ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறி போட்டுருக்கு. அப்ப இனிஷியலோட சேத்து ஒரே நீளமுள்ள பேரெல்லாம் ஒரே முகவரி. ஒரே முகவரின்னா ஒரே ஆளு. இன்னும் எத்தன பேரு இப்படி ஒட்டியிருக்காங்களோ."

அருள்முருகன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். "யூனிகோட் வரி. புரோகிராம கெளப்பும்போது, எல்லா மொழி எழுத்தையும் படின்னு ஒரு வரி குடுக்கணும். பழைய ஜாவாவுல அத நாமளேதான் சொல்லணும். இங்க தானா இருந்துது, அதனால தோணவே இல்ல. சோதிக்கிறப்ப எங்க வூட்டு ஆளுங்க பேர போட்டுப் பாத்தேன். எல்லாம் வேற வேற நீளம்."

"வாடகை வூட்டுக்குப் போனா மொதல்ல பால் காய்ச்சணும் தம்பி. காய்ச்சலயா நீ?"

"காய்ச்சினேண்ணே. தமிழ்ல காய்ச்ச மறந்துட்டேன்."

மூவரும் சிரித்தார்கள். அந்த நாளில் அவர்கள் சிரித்தது அதுதான் கடைசி.

சத்யப்பிரியா மணிமொழிக்குப் போன் செய்தாள். "நல்ல செய்திங்க. மெஷின் ரெண்டு பேர ஒண்ணாக்கியிருக்கு. விக்கிரமங்கலத்துல பூ. மணிமொழின்னு ஒருத்தர் இருக்காராம், பூவரசன் மகன். அவர உங்களுக்குத் தெரியுமா?"

எதிர்முனையில் லாரி ஒன்று கடந்துபோகும் சத்தம் கேட்டது. அது ஓய்ந்த பிறகு மணிமொழி சொன்னாள்: "அப்படி ஒருத்தர எனக்குத் தெரியாது மேடம். நாளைக்குக் கூட்டத்துல இத அப்படியே சொல்லிடுங்க. மெஷின் தப்புன்னு."

"சொல்றேன். கவலப்படாதீங்க."

போனை வைப்பதற்குள் வாசலில் நிழல் விழுந்தது. கம்பெனித் தலைவர் ராஜதுரை. வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி. சத்தம் போட்டுப் பேசும் வழக்கமில்லாதவர். துப்பறிகிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று ஆபீசில் யாரோ சொல்லியிருக்க வேண்டும். சத்யப்பிரியா கண்டுபிடித்ததைப் படிப்படியாக, தாளைக் காட்டி விளக்கினாள். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"ரொம்ப நன்றிம்மா. நீங்க வரலன்னா நாளைக்கு ஒரு பொம்பளப் புள்ளைய சபையில நிக்க வெச்சுருப்பேன். பழி பாவம் என் தலையில வந்துருக்கும்." பிறகு அருள்முருகன் பக்கம் திரும்பினார். "ஒரு வாரமா தெரியுமா?"

"ஒட்டுதுன்னு தெரியும்ங்கய்யா. ஏன்னுதான்..."

"லேப்டாப் உன்னுதுதான?"

"ஆமாங்கய்யா."

"எடுத்துக்க. நாளைலேந்து வர வேணாம்."

"ஐயா, அந்த ஒரு வரிய போட்டா சரியாயிடும். இப்பவே போட்டுடுறேன்."

"வேற ஆள வெச்சுப் போட்டுக்குறோம்." அவர் சத்யப்பிரியாவைக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

அருள்முருகன் லேப்டாப் ஒயரைக் கழற்றிச் சுற்றினான். நன்றாகச் சுற்றவில்லை என்று அவிழ்த்து மறுபடி சுற்றினான். சத்யப்பிரியாவுக்கு எதையாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. நானும் ஜாவாதான் படிக்கிறேன், எனக்கும் இது நேர்ந்திருக்கும் என்று சொல்ல நினைத்தாள். சொன்னால் அவனுக்கு என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாள்.

வெளியே வந்ததும் மதுரைவீரன் பைக்கைப் பெரம்பலூர்ப் பக்கம் திருப்பினான்.

"அந்தப் பக்கம் இல்லண்ணே. விக்கிரமங்கலம் போகணும்."

"எதுக்கு? கல்யாணம் முடிஞ்சு பந்தலும் பிரிச்சாச்சு. இப்ப போயி ஜாதகம் பாக்கணுமா?"

"ரெண்டு பேர் ஒட்டியிருக்காங்கன்னு கண்டுபுடிச்சோம். ரெண்டாவது ஆள கண்ணால பாக்கல." அவள் டைரியில் ஒரு முடிவை எழுதினால் அதன் பக்கத்தில் சின்ன வட்டம் ஒன்று போடுவாள். நேரில் பார்த்த பிறகுதான் வட்டத்துக்குள் கோடு விழும். "வட்டம் காலியா இருக்கு."

"உங்க வட்டத்துக்கு பெட்ரோல் நான்தான் போடுறேன்" என்று முனகிக்கொண்டே வண்டியைத் திருப்பினான்.

விக்கிரமங்கலத்தில் விதைக்கடையைத் தேட வேண்டியிருக்கவில்லை. பூட்டிய கடை அந்தத் தெருவில் அது ஒன்றுதான். ஷட்டரில் சாணி அடித்திருந்தார்கள். எதிரே பால் சொசைட்டி வாசலில் ஓர் அம்மாள் கேன் கழுவிக்கொண்டிருந்தாள். கமலவேணி என்று அவளை யாரோ உள்ளிருந்து கூப்பிட்டார்கள்.

"ஏங்க, பூவரசன் மவன் மணிமொழி வூடு எதுங்க?" என்று கேட்டான் மதுரைவீரன்.

"பூவரசன் மவனா?" கமலவேணி கேனைக் கவிழ்த்துவைத்தாள். "அவருக்கு மவன் சாமிதுரைல்ல. அந்தக் கடைய வெச்சுருந்தவன். வெதைய வித்துட்டு ஆளு எங்க போனான்னே தெரியல. எங்க கொல்லையும் அந்த வெததான். ஆளு ஒசரத்துக்கு நிக்கிது, கருது மட்டும் இல்ல. மாட்டுக்கு அறுத்துப் போட்டுட்டு இருக்கோம்."

"அப்ப மணிமொழிங்கறது?"

"அது மூத்த புள்ள. பொண்ணு. அந்த வூட்லயே படிச்சது அது ஒண்ணுதான். அதனால கடை ஏஜென்சிய அது பேர்லதான் எடுத்தாங்க, அது கல்யாணத்துக்கு முன்னாடி. பேரு அதுது, யாவாரம் தம்பிது."

சத்யப்பிரியா ஓரடி முன்னால் வந்தாள். "அவங்க இப்ப எங்க இருக்காங்க?"

"வாலிகண்டபுரத்துல கட்டிக்குடுத்துருக்கு. மாப்ள பேரு பொன்னுரங்கம். அங்கயும் அது ஒரு கடை வெச்சுருக்காமே."

சொசைட்டிக்குள் பால் ஊற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

தந்தை பெயரின் பூ. கணவர் பெயரின் பொ. கல்யாணமானால் பெண்ணுக்கு இனிஷியல் மாறும். கல்யாணப் பத்திரிகையைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிற அவளுக்கு அது தோன்றவில்லை. மணிமொழி ஆணுக்கும் வைக்கிற பெயர் என்பதால், விதை விற்கிறவன் ஆண்தான் என்று எடுத்துக்கொண்டுவிட்டாள். த/க என்று போட்டிருந்ததை இரண்டு இடத்திலும் பார்த்தாள். ஒன்றைத் தந்தை என்றும் இன்னொன்றைக் கணவர் என்றும் தானே படித்தாள், ஆனாலும் கூட்டிப் பார்க்கவில்லை.

"தமிழே தெரியாத மெஷினு, கண்ண மூடிக்கிட்டு ஒட்டுச்சு" என்றான் மதுரைவீரன். வேடிக்கையாகத் தொடங்கிய குரல் பாதியில் இறங்கிவிட்டது. "அது ஒட்டுனதுல கலைமணி தப்பு, வீரமணி தப்பு. இது மட்டும் சரி. தமிழ் தெரிஞ்ச நாம போயி அதப் பிரிச்சு வெச்சோம்."

"அதுக்கு ஒரு பையனோட வேலையையும் பறிச்சிட்டோம்."

"அவன் வேலைய பறிச்சது தலைவர் மேடம்."

"தாள காட்டி வெளக்குனது யாருண்ணே?"

அவன் பைக்கை உதைத்துக் கிளப்பினான்.

அவர்கள் வாலிகண்டபுரம் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. மணிமொழி ஷட்டரை முழுக்க ஏற்றிவிட்டிருந்தாள். தட்டையையும் அவிழ்த்துப் போட்டிருந்தாள். இரண்டு மூட்டை உளுந்து விதையை வாசலில் எடுத்துவைத்திருந்தாள். சத்யப்பிரியாவின் முகத்தைப் பார்த்ததும், மூன்றாவது மூட்டையைத் தூக்கப்போனவள் அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"விக்கிரமங்கலம் போனீங்களா?"

"போனோம்."

"போவ மாட்டீங்கன்னு நெனச்சேன். கெடைக்க வேண்டியது கெடச்சிடுச்சுன்னா யாரு போவா."

"எங்கிட்ட ஏன் பொய் சொன்னீங்க?"

"நா என்ன பொய் சொன்னேன்? இந்தக் கடையில விக்கலன்னு சொன்னேன். விக்கல. மூட்டை இந்த வாசப்படிய தாண்டலன்னேன். தாண்டல. பூவரசன் மகன் மணிமொழின்னு ஒருத்தர தெரியுமான்னு கேட்டீங்க. அப்படி ஒரு ஆம்பள இல்லவே இல்ல. தெரியாதுன்னேன்." அவள் குரலில் வெற்றி எதுவும் இல்லை. பாடம் ஒப்பிக்கிற குரல். "தப்பா கேட்டது நீங்க."

சத்யப்பிரியா டைரியை எடுக்கவில்லை. ஒவ்வொரு வாக்கியமும் அதில் அட்சரம் பிசகாமல் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும்.

"போலின்னு தெரிஞ்சா வித்தாரு தம்பி?"

"அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். எனக்குப் பயிரு வளந்த பெறவுதான் தெரிஞ்சிது. கேட்டேன். நாலு பேர் விக்கிறான், நானும் வித்தேன்னான். அன்னிக்கி ராத்திரியே போயிட்டான்." மணிமொழி மூட்டையின் தையல் நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். "பேரு என்னுதுதான். சொன்னா அந்தக் கடையோட இதுவும் போவும். மெஷின் தப்புன்னு ஆயிட்டா பூ. மணிமொழிங்கறவன எங்க தேடுவாங்க? தேடுனா கெடைப்பானா? இது தப்பிச்சுக்கும். அதுக்குத்தான் ஒங்கள கூப்புட்டேன்."

"விக்கிரமங்கலத்துல கொல்லை கொல்லையா மாட்டுக்கு அறுத்துப் போடுறாங்க."

"எனக்குத் தெரியாதா? அது நா பொறந்த ஊரு."

மதுரைவீரன் முதல்முறையாகப் பேச்சில் குறுக்கிட்டான். "அந்தத் தளத்த செஞ்ச பையன வேலைய வுட்டுத் தூக்கிட்டாங்கம்மா. மெஷின் தப்புன்னு நாங்க சொன்னதால."

மணிமொழி நிமிர்ந்தாள். "எந்த ஊரு பையன்?"

"ஏன், ஊரு தெரிஞ்சா வருத்தம் கூடக் கொறைய வருமா?"

அவள் தலை மறுபடி தாழ்ந்தது. ரோட்டில் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "கடை தொறந்தாச்சா? பிரச்சன முடிஞ்சுதா?" என்று கேட்டார். மணிமொழி சட்டென்று எழுந்து, "வாங்கண்ணே, என்ன வேணும்?" என்றாள். அந்தக் குரலில் இருந்த பழக்கம் சத்யப்பிரியாவை என்னவோ செய்தது. சைக்கிள்காரர், சும்மாதான் கேட்டேன் என்று போய்விட்டார்.

"நாளைக்கு என்ன சொல்லப்போறீங்க?" என்று கேட்டாள் மணிமொழி, அவர் போன திசையைப் பார்த்தபடி.

"நீங்களே எழுந்து சொல்லிட்டா நல்லது. தம்பி வித்தது, பேர் மட்டும் உங்களுதுன்னு. உங்க வாயால வந்தா கேட்டுக்குவாங்க."

"கேட்டுக்குவாங்களா? மேடம், தப்பு பண்ணாத வரைக்கும் எங்கள சேத்துக்குவாங்க. பண்ணிட்டா அது ஒரு தம்பி பண்ண தப்பா இருக்காது, ஒரு தெருவே பண்ண தப்பா இருக்கும். இதே தலைவரோட மச்சான் போன வருசம் உரத்துல மண்ணு கலந்தாரு. அவரு பேரு எந்தப் பலகையில எழுதியிருக்கு?"

சத்யப்பிரியாவுக்கு அது தெரியாது. விசாரித்ததில்லை. மணிமொழி சொல்வது சரியாக இருக்கலாம் என்று தோன்றியது. அது சரியாக இருப்பதால் விக்கிரமங்கலத்தில் கருது பிடித்துவிடாது என்றும் தோன்றியது. இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ள மனசில் இடம் போதவில்லை.

"நான் சொல்லாம இருக்க முடியாதுங்க."

"தெரியும். வட்டம் போட்டு எழுதுற ஆளுன்னு காலையிலயே பாத்தேன்." மணிமொழி உளுந்து மூட்டையை உள்ளே இழுத்தாள். மதுரைவீரன் கைகொடுக்கப் போனான். வேண்டாம் என்பதுபோல அவள் தோளால் தள்ளினாள். மூன்று மூட்டையையும் தானே உள்ளே போட்டாள். ஷட்டரை இறக்கும்போது பாதியில் நிறுத்தவில்லை.

பெரம்பலூர் வந்து சேர்வதற்குள் இருட்டிவிட்டது. மாலை வகுப்பு தொடங்கியிருந்தது. ஜெராக்ஸ் கடை வாசலில் இறங்கியபோது, "வகுப்புக்குப் போவலையா மேடம்?" என்றான்.

"இல்லண்ணே."

"அந்தப் பையன் நம்பர் இருக்கு. போன் பண்ணட்டுமா?"

"என்னன்னு சொல்லுவீங்க?"

அவன் போனைப் பையில் போட்டுக்கொண்டான்.

மாடியில் அவள் டைரியைப் பிரித்து, காலை எழுதியதற்குக் கீழே எழுதினாள்.

மெஷின் ஒட்டியதற்குக் காரணம் கேள்விக்குறிகள். அது தவறு, சரி செய்ய வேண்டியது. அருள்முருகன் ஒரு வாரம் சொல்லாமல் இருந்தது தவறு. நான் பாதி கண்டுபிடித்ததை முழுசு என்று தலைவரிடம் சொன்னது தவறு. பூ. மணிமொழியும் பொ. மணிமொழியும் ஒருவர்தான். நேரில் பார்த்தாயிற்று.

நாளை காலை முதல் பஸ்ஸில் வாலிகண்டபுரம் போய் மணிமொழியைக் கூட்டத்துக்கு அழைக்க வேண்டும். அவர் வரவில்லை என்றால் அரியலூரில் நான் எழுந்து சொல்ல வேண்டும். அருள்முருகனைச் சபையில் வைத்தே திரும்பக் கூப்பிடச் சொல்லிக் கேட்க வேண்டும்.